சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட கூட்டம்

செல்லமுத்து சுவரோரமாகச் சாக்கை விரித்து, காதைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். வாய் நிறைய வெற்றிலை. மென்றால் சத்தம் இடைஞ்சலாக இருக்குமென்று மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தானாம். அவன் பெண்டாட்டியே பின்னால் கொழுந்து மலையில் என்னிடம் சொன்னது இது. "ஒங்க பேச்ச கேக்குறதுக்காக வெத்தலைய மெல்லாம இருந்தாருங்க அக்கா. எம் பேச்சுக்கு ஒரு நாளாவது அப்படி இருந்திருக்காரா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் என் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற எங்கள் பொம்பளைகளும்.

இத்தனை வருசம் ஆகிவிட்டது. அந்த மெல்லாத வெற்றிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

இந்த வாரம் கொஞ்சம் கணக்கு வரும். பயந்து பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு நின்ற நானே அதைக் கேட்டுப் பிழைத்துக் கிடக்கிறேன்.

முதுகோடு முதுகு

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்தது இரட்டை லயம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வரிசைக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வரிசைக்கு வாசல் கிழக்கே, மற்றதற்கு மேற்கே. நடுவில் கருங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய ஒரே முதுகுச் சுவர், கூரைத் தகரம் வரைக்கும் போகும். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். மனுசனுக்குப் பார்த்துக் கட்டினானோ மாட்டுக்குப் பார்த்துக் கட்டினானோ, பலமாகக் கட்டியிருந்தான்.

பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற சுவர் அப்படியில்லை. அது பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். ஆனால் முதுகுச் சுவர் வேறு. அந்தப் பக்கம் யாராவது உரலில் இடித்தால் நம் முதுகில் "தொம், தொம்" என்று வரும். சண்டை போட்டால் "ஊம், ஓம்" என்று மாடு முனகுகிற மாதிரி வரும். என்ன சண்டை என்று மட்டும் தெரியாது. எங்கள் பொம்பளைகளுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

செல்லமுத்து தோட்டத்துக் காவல்காரன். என் முதுகுச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா அவனுடையது.

நாலாம் நம்பர் மலை

அது அடைமழைக் காலம். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாரியம்மனுக்குக் கும்மி போட வேண்டும். புதுப் பாட்டு ஒன்று கட்டியிருந்தோம். மெட்டு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் அந்தியில் எல்லாரும் என் காம்பராவில் கூடினோம். சுற்றி வர இடமில்லை, நின்ற இடத்தில்தான். நான் ஒரு வரியைப் பேச்சாகவே சொல்வேன். அவர்கள் அந்த வரிக்குக் கை போடுவார்கள். மறுபடி ஒரு வரி. மறுபடி கை. நடந்தது அவ்வளவுதான். அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது, ஈரக் கம்பளி காய்ந்தது, கை வலித்தது, கலைந்து போனோம்.

அன்றைக்குப் பகலில் நாங்கள் கொழுந்து எடுத்தது நாலாம் நம்பர் மலையில். உச்சியில் மண் வாய் பிளந்திருந்தது. கை நுழைகிற வெடிப்பு. காலை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சலசலப்பு பாதத்தில் தெரிந்தது. எல்லாரும் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு, "நாலாம் நம்பர்" என்றார். ஒரு பொம்பளையும் அசையவில்லை. யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

இது தோட்டத்து மேனேஜர் பெரிய துரைக்கு விளங்கவில்லை. இத்தனை பொம்பளைகள் தானாக ஒரே மாதிரி நினைக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. யாரோ ஒருத்தி தூண்டிவிட்டிருக்க வேண்டும். யார் அவள்?

செல்லமுத்து போய்ச் சொன்னான். "பொன்னம்மா காம்பராவுல கூட்டம் நடந்துச்சுங்க தொரை. 'நாளைக்கி யாரும் நாலாம் நம்பர் மலைக்கி ஏறக் கூடாது'ன்னு பொன்னம்மா பேசுச்சு. எங் காதால கேட்டேன். சொல்லுக்குச் சொல்லு கேட்டேன்."

ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் கும்மியென்றேன். மற்றப் பொம்பளைகளும் கும்மியென்றார்கள்.

"எல்லாம் ஒரு வாய்" என்றார் துரை. "வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குப் பொறகு பேர் வெட்டு. காம்பரா விடு."

பேர் வெட்டினால் வேலை இல்லை. காம்பராவை விட்டால், வெளியே மழையும் தேயிலையும் தவிர எங்களுக்கு என்ன இருக்கிறது? புருசன் போய் அப்போது ஐந்தாறு வருசம். நானும் மகளும்தான்.

எங்கள் சங்கத்துத் தோட்டத் தலைவர் வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு மன்னிப்பு கேட்டுருங்க அக்கா. தொரை மனசு எளகிருவாரு" என்றார்.

"சொல்லாததுக்கு என்னாத்துக்குங்க மன்னிப்பு?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்."

"அப்ப நீங்களும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் தலைவருங்களா?"

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையை நான் அன்றைக்குக் கழுவவே இல்லை. கோபம்.

மகள் சுவரில் போட்ட அலை

என் மகள் ராஜி அப்போது பேராதனையில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஸ்ட்ரைக், கம்பஸை மூடியிருந்தார்கள். வீட்டில் இருந்து படித்தாள். திறந்ததும் ஒரு பரீட்சை இருந்தது. அதில் வருகிற ஒரு பாடம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஃபூரியர் என்று பிரான்ஸ் தேசத்து மனுசன் ஒருவர், செத்து எவ்வளவோ காலமாம். சூடு இரும்புக்குள் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கப் போய் இதைக் கண்டுபிடித்தாராம். எங்களுக்கு அடுப்பும் இருந்தது, அகப்பையும் இருந்தது. உட்கார்ந்து பார்க்கத்தான் யாரும் நேரம் கொடுக்கவில்லை.

காகிதம் தீர்ந்துவிட்டால் புகை படிந்த முதுகுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் போடுவாள். ஒரு பெரிய அலை. அதன் மேல் மூன்று மடங்கு வேகமாக ஆடுகிற சின்ன அலை. அதற்கும் மேல் ஐந்து மடங்கு வேகத்தில் இன்னும் சின்னது. எல்லாவற்றையும் கூட்டினால் மேலே தட்டையாக, ஓரத்தில் செங்குத்தாக, படிக்கட்டு மாதிரி ஒன்று வந்தது.

"ஏன்டி, எல்லாம் வளைவா போட்டே, மூலை எங்கேருந்து வந்துச்சு?"

"அதாம்மா விசயமே. திரும்பத் திரும்ப வர்றது எதுவா இருந்தாலும் இந்த மாதிரி சீரான அலைங்களக் கூட்டியே செஞ்சிரலாம். மூலையில மட்டும் ஒரு சின்னக் கொம்பு மொளைக்கும். எத்தனை கூட்டினாலும் அது போகாது."

"மூலையில கொம்பு மொளைக்காத எடம் எங்கடி இருக்கு" என்றேன். சிரித்தாள்.

துரை சொன்னதை நான் வந்து சொன்ன அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அவன் சொல்லு கேட்டேன்னு சொன்னானா?"

"சொல்லுக்குச் சொல்லாம்."

"பொய்யி. இந்தச் சுவரு சொல்ல விடாது."

அவள் சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். கும்மித் தட்டு திரும்பத் திரும்ப வருவது. அதற்குள் இருக்கிற அலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எடுக்கலாம். அதுதான் தொடர். ஒருத்தி ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிற பேச்சு திரும்பி வராது. அதன் அலைகளை எண்ண முடியாது. இடைவெளியில்லாமல் மூடுபனி மாதிரி பரவிக் கிடக்கும். அதைப் பிரிக்கிற கணக்குக்கு உருமாற்றம் என்று பேர். பிரித்துப் பார்த்தால், ஆ, ஊ, ஓ என்று குரல் இழுக்கிற ஆதார அலையெல்லாம் கீழே, மெதுவாக ஆடுகிற பக்கம் கிடக்கும். சொல்லை வெட்டி வெட்டிச் சொல்லாக்குகிற ச, ட, க எல்லாம் மேலே, வேகமாக ஆடுகிற பக்கம்.

"கருங்கல் சுவரு மேல உள்ளதையெல்லாம் முழுங்கிரும்மா. கீழ உள்ளது மட்டுந்தான் அந்தப் பக்கம் போகும்."

எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மலையில் நிற்கிறவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நாங்கள் யாராவது "சாப்பாட்டுக்கு வாடி" என்று கத்துவோமா? "ஊ...ஓ..." என்றுதான் இழுப்போம். மூடுபனியில் சொல் போய்ச் சேராது, இழுப்புத்தான் போகும். கைக்குழந்தைக்காரிக்கு ஒரு இழுப்பு, தேத்தண்ணிக்கு ஒரு இழுப்பு. எங்களுக்குள் அப்படித்தான் பழக்கம்.

"இன்னொண்ணும்மா" என்றாள் ராஜி. "ஒரு அலைய இந்தப் பக்கம் விட்டா, அந்தப் பக்கம் அதே அலைதான் வரும். சின்னதா வரும், கொஞ்சம் பிந்தி வரும். வேற அலையா மாறாது. இந்தப் பக்கம் இல்லாதது அந்தப் பக்கம் பொறக்காது. சுவரு கொறைக்கும். ஒருநாளும் சேக்காது."

"அப்ப அந்தச் சொல்ல யாரு சேத்தா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருந்தா?"

கிளாக்கர் ஐயா கேட்ட தேவாரம்

ராஜி ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் துரையிடம் இங்கிலீசில் பேசினாள். அவர் தமிழில் பதில் சொன்னார். அதுவும் எந்தத் தமிழ்? எங்களை வேலை வாங்குகிற அந்த "நீ வா, நீ போ" தமிழ். அவள் மறுபடியும் இங்கிலீசில் சொன்னாள், பணிவாக, நீளமாக. ஒரு காகிதத்தில் சுவர் எந்த அலையை எவ்வளவு விடும் என்று கோடு போட்டு வைத்திருந்தாள். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பஸ் கணக்கு தோட்டத்துக்கு வேணாம்" என்றார்.

தகப்பன் இல்லாமல் நான் படிக்கவைத்த பிள்ளை. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது.

"கணக்கு வேணாம்னா காது வச்சுப் பாருங்க" என்றாள் ராஜி, இப்போது தமிழில். "யாரையாவது அனுப்புங்க."

ஆபீஸ் குமாஸ்தா, கிளாக்கர் ஐயாவை அனுப்பினார். நல்ல மனுசன்தான், ஆனால் துரை இருமினால் தானும் இருமுவார். அவரைச் செல்லமுத்துவின் காம்பராவில், அதே சாக்கில், அதே சுவரோரம் உட்காரவைத்தார்கள். ராஜி அவர் பக்கத்தில். இந்தப் பக்கம் நான் தனியாக. "சாதாரணமாப் பேசும்மா, என்னா வேணும்னாலும் பேசு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

என்ன வேண்டுமானாலும் என்றால் சும்மா விடலாமா? கிளாக்கர் ஐயாவையே எடுத்துக்கொண்டேன். அவர் பேனா, அவர் பூட்ஸ், துரை முன்னால் அவர் முதுகு வளைகிற வளைவு, பிரசவத்துக்கு லீவு கேட்டுப் போன மருதாயியை அவர் நிற்கவைத்த நேரம், ஒன்று விடாமல் சொன்னேன். தொண்டை காய்ந்ததும் நிறுத்தினேன்.

சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். முகத்தில் ஒரு பக்தி.

"தேவாரம் மாதிரி ஏதோ சொன்னீங்களா அம்மா? ஓம், ஓம்னு கேட்டுச்சு."

ராஜி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர் போய்த் துரையிடம் உள்ளபடியே சொன்னார், அதை மறைக்கக் கூடாது. ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றார். அதற்குத் துரை என்ன சொன்னார் தெரியுமா? "ஒனக்குக் காது மந்தம். காவல்காரனுக்கு நல்ல காது. அதுதான் காவல்காரன்."

பாருங்கள் நியாயத்தை. கணக்கைக் காட்டினால் கணக்கு வேண்டாம் என்பது. காதைக் காட்டினால் அது சரியான காது இல்லை என்பது. தாங்கள் முதலிலேயே எழுதிவைத்துவிட்ட ஒன்றுக்கு நம்மைப் பதில் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் எந்த ஃபூரியர் வந்து என்ன செய்ய?

தட்டிக் காட்டு

வெள்ளிக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆபீஸ் கதவு திறந்து கிடந்தது. வாசலில் எங்கள் பொம்பளைகள் கூடையும், மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியுமாக நின்றார்கள். உள்ளே துரை, கிளாக்கர் ஐயா, தலைவர், செல்லமுத்து, நான், ராஜி. ராஜிக்கு உட்காரச் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் சொன்னதில்லை.

செல்லமுத்து மறுபடியும் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தான். ராஜி நடுவில் கேட்டாள், "அண்ணே, அது கூட்டமுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பொம்பளைங்க சும்மா பேசிக்கிட்டு இருந்திருக்கலாமே?"

"சும்மா பேச்சுக்கு யாரும்மா கை தட்டுவா? ஒங்க அம்மா ஒண்ணு சொல்லுது, எல்லாரும் தட்டுறாங்க. மறுபடி சொல்லுது, மறுபடி தட்டுறாங்க. கூட்டம்னா எனக்குத் தெரியாதா?"

"நல்லாக் கேட்டுச்சா தட்டுனது?"

"சொவரே அதிருச்சு!"

"எப்படித் தட்டுனாங்க? இந்த மேசையில தட்டிக் காட்டுங்க."

செல்லமுத்து துரையைப் பார்த்தான். துரை தலையாட்டினார். அவன் கையைத் தூக்கி மேசையில் தட்டினான். நல்ல காது என்று துரை சொன்னது பொய்யில்லை. தொம், தொம், தொதொம், ஒரு இடைவெளி. தொம், தொம், தொதொம், ஒரு இடைவெளி. கேட்டதைக் கேட்ட மாதிரியே தட்டினான்.

மூன்றாவது சுற்றில் வாசலில் நின்ற மருதாயி தன்னை அறியாமல் பாட்டை எடுத்துவிட்டாள். மற்றவர்கள் கை போட்டார்கள். காவல்காரன் மேசையில் தட்ட, துரையின் ஆபீஸ் வாசலில் மாரியம்மன் கும்மி நடந்தது.

அவன் கை பாதியில் நின்றது. அவனும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான். அவன் தாயும் இதே அம்மனுக்குக் கும்மி போட்டவள்தான். முகம் வெளுத்துவிட்டது. கிளாக்கர் ஐயா பேனாவை மூடிவைத்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"சுவரு இத மட்டுந்தான் விட்டுச்சு" என்றாள் ராஜி. "மிச்சத்த அண்ணன் சேத்துக்கிட்டாரு."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை எழுதிவைக்கிறேன், யாரும் கேட்கவில்லை. "சரி. போ" என்றார் துரை. அவ்வளவுதான். என் பேரையும் கூரையையும் பறிக்க வந்தவர்கள் "சரி, போ" என்று ஈயை ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினார்கள்.

ராஜி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

எனக்கு என்ன கோபம் தெரியுமா? பேர் வெட்டுகிறேன் என்றதுகூட இல்லை. இந்தப் பொன்னம்மா இருட்டு மூலையில் ஒளிந்து நின்று குசுகுசு என்று பேசுகிறவள் என்று நினைத்தார்களே, அது. ஒளிந்து பேச எனக்கு என்ன வந்தது?

"தொரை" என்றேன். "அன்னிக்கி நான் சொல்லலீங்க. சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன். நாலாம் நம்பர் மலை உச்சி வெடிச்சுக் கெடக்குது. இந்த மழை முடியிற வரைக்கும் யாரும் அதுக்கு ஏறக் கூடாது. ஐயா, பேனாவத் தெறந்து எழுதிக்கங்க. பொன்னம்மா சொன்னான்னு எழுதுங்க."

துரை என்னைப் பார்த்தார். பேரை வெட்டுவதானால் அந்த நிமிசமே வெட்டியிருக்கலாம். இப்போது சாட்சிகூட வேண்டாம். நான் கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் பொம்பளைகள் கை தட்டினார்கள். அது கும்மி இல்லை. ஒருத்தி தட்டு ஒருத்தியோடு சேரவில்லை, தாறுமாறாக, கூடை விழுந்து உருள, தட்டினார்கள்.

மறுநாள் பெரட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிட்டார். பிறகு, எங்கள் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டாம் நம்பர்" என்றார்.

விசாரணை அன்றைக்கு ஆபீஸ் கதவு திறந்துதான் கிடந்தது. நடுவில் சுவர் ஒன்றும் இல்லை. நான் சொன்னதில் ச, ட, க ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்திருந்தது.